ஃபைபர் படகின் ஏராவுக்கு எந்த ரெசின்: விரிசலைத் தாங்கவைக்கும் வழிகளின் ஒப்பீடு

நாகப்பட்டினத்திலிருந்து வடக்கே பழையாறு வரையிலான கரையில் மணலில் ஏற்றி நிறுத்தியிருக்கும் ஃபைபர் படகுகளைக் கவிழ்த்துப் பார்த்தால், பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் விரிசல் தென்படும். ஒன்று, ஒவ்வொரு நாளும் மணலில் உரசி இழுபடும் ஏரா, அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு. மற்றொன்று, படகின் பின்முனையான அமரத்தில் இயந்திரம் பூட்டப்படும் பலகையும் பக்கச் சுவரும் கூடும் மூலை. மூன்றாவது, அலையை நேராக வாங்கும் முன்முனையான அணியத்தின் அடிப்பகுதி. இந்த மூன்று இடங்களிலும் முதலில் விட்டுக்கொடுப்பது கண்ணாடி இழை அன்று. இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ரெசின்தான். ரெசினில் விழும் நூலளவு விரிசல் வழியே உப்புநீர் உள்ளே போகிறது, இழைக்கும் ரெசினுக்கும் இடையிலான ஒட்டு தளர்கிறது, அதன் பிறகே அடுக்குகள் பிரிகின்றன.

நாகை அருகே படகு கட்டும் பட்டறை ஒன்றில், வழக்கமான பாலியெஸ்டர் ரெசினிலேயே இன்னும் இரண்டு அடுக்கு கூட்டிப் போடுவதா, வினைல் எஸ்டருக்கு மாறுவதா, அல்லது விரிசலைத் தாங்கும்படி பதப்படுத்திய எபாக்சிக்குப் போவதா என்ற கேள்வி எழுந்தது. எபாக்சிக்குப் போவதென்றால் அதைப் பதப்படுத்தும் வழிகள் ஐந்தாறு உண்டு. விற்பவர் ஒவ்வொருவரும் தம்முடையதே சிறந்தது என்பார். அவற்றை ஒப்பிட்டு, எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று நான் எடுத்த முடிவையும் அதற்கான காரணங்களையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், வலிமையையும் விரிசல் தாங்குதிறனையும் குழப்பிக்கொள்ளாதிருப்பது அவசியம். கும்பகோணத்துப் பித்தளைக் குடம் கை தவறிக் கல்தரையில் விழுந்தால் நசுங்கும். கன்னார் தட்டி எடுத்துவிடுவார். பேப்பர் கோப்பையில் மிஞ்சி இறுகிப்போன எபாக்சிக் கட்டியைச் சுத்தியலால் தட்டினால், அது நசுங்காமல் கண்ணாடியைப் போலச் சில்லுகளாகத் தெறிக்கும். ஆனால் அதே எபாக்சியின் இழுவலிமை 70 முதல் 80 மெகாபாஸ்கல் வரை இருக்கும். இது பிளாஸ்டிக்குகளில் உயர்ந்த அளவே. எனவே கட்டி தெறித்ததற்குக் காரணம் வலிமைக் குறைவு அன்று. ஏற்கெனவே உள்ள ஒரு சிறு கீறலின் நுனியில் தகைவு குவியும்போது, அந்த நுனியைச் சுற்றியுள்ள பொருள் குழைந்து கொடுத்து அதை மழுக்க முடியாமல் போவதே காரணம். படகின் அடிப்பகுதியில் மணலும் கிளிஞ்சலும் கீறல்களை நாள்தோறும் போட்டுக்கொண்டே இருக்கின்றன. ஆகவே கீறலில்லாத மாதிரியின் வலிமையை மட்டும் சொல்லும் விற்பனைத்தாள் நமக்குப் பெரிதாக உதவாது.

விரிசல் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு முன்னேற எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதே நமக்கு வேண்டிய அளவு. ஜன்னல் கண்ணாடிக்கு அது சுமார் 10 ஜூல். பதப்படுத்தாத எபாக்சிக்கு 100 முதல் 300 ஜூல். அந்தப் பரப்பைக் கடந்து செல்லும் வேதிப் பிணைப்புகளை அறுப்பதற்கு மட்டும் செலவாகும் ஆற்றலைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1 ஜூல்தான் வருகிறது. எனில் எபாக்சியில் மிச்ச ஆற்றல் அனைத்தும் எங்கே போகிறது? விரிசல் நுனியைச் சுற்றிய மிகச் சிறிய பகுதியில் பொருள் மீளாதபடி உருமாறுவதில்தான் போகிறது. எளிதில் உடையும் என்று நாம் சொல்லும் எபாக்சியும் உள்ளூரக் குழையக்கூடியதுதான். அந்தக் குழைவு நடக்கும் இடம்தான் மிகச் சிறியது. விரிசலைத் தாங்கவைக்கும் எந்த வழியும் அந்த இடத்தைப் பெரிதாக்கும் வழியே. சேர்க்கும் ரப்பரோ துகளோ தாமாகவே அந்த ஆற்றலை எல்லாம் விழுங்கிவிடுவதில்லை. ரெசினுக்குள் முடங்கிக் கிடக்கும் குழைவை அவை வெளியே அழைக்கின்றன. அழைத்தாலும் வர இயலாத ரெசினில் எதைச் சேர்த்தும் பெரும்பயன் இல்லை. இந்த ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால் பின்வரும் தெரிவுகளில் பாதி தாமே தெளிவாகிவிடும்.

ரெசின் எப்படி உருமாறுகிறது

கண்ணாடி போன்ற நிலையில் உள்ள பாலிமர்கள் இரண்டு விதமாக மீளா உருமாற்றம் அடைகின்றன. பழைய குறுந்தகட்டு உறையை வளைத்தால் உடைவதற்கு முன் அதில் மெல்லிய வெண்கோடுகள் தோன்றும். அது பாலிஸ்டைரீன், அந்தக் கோடுகளை நுண்வெடிப்பு எனலாம். மேட்டூரில் தண்ணீர் திறக்காத ஆண்டின் ஆனி மாதத்தில் தஞ்சை வயலின் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைக் கற்பனை செய்வது எளிது. ஆனால் வயல் வெடிப்பின் இரு கரைகளுக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது, நுண்வெடிப்பிலோ இரு கரைகளையும் சில பத்து நானோமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள எண்ணற்ற நூல்கள் இழுத்துப் பிடித்திருக்கும். அந்த நூல்கள் நீளும்வரை சுமையைத் தாங்கும்; அறுந்தால் அது உண்மையான விரிசலாகிவிடும்.

மற்றது சறுக்கு நெகிழ்வு. பாலிகார்பனேட் தகட்டை இழுத்தால் அது வெளுக்காமல், ஓரிடத்தில் இடுப்புப் போல ஒடுங்கி நீண்டுகொண்டே போகும். பொருளின் அளவு மாறாமல், இழுக்கும் திசைக்குச் சுமார் 45 பாகை சாய்ந்த பட்டைகளில் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றன. எது நுண்வெடிப்பாகும், எது சறுக்கும் என்பதைச் சங்கிலிகள் எவ்வளவு நெருக்கமாகச் சிக்கிக்கொண்டுள்ளன என்பது பெரிதும் தீர்மானிக்கிறது. பாலிஸ்டைரீனில் ஒரு சிக்குக்கும் அடுத்த சிக்குக்கும் இடைப்பட்ட சங்கிலியின் மூலக்கூறு எடை சுமார் 18,000. பாலிகார்பனேட்டில் ஏறத்தாழ 2,000. சிக்கு நெருக்கமாக இருந்தால் நூல் நூலாகப் பிரிந்து நீள இடமில்லை, ஆகவே சறுக்கல் முந்திக்கொள்கிறது. டெல்டாவின் போர்செட்டுகளில் ஓடும் நீர்மூழ்கி பம்புகளின் இம்பெல்லர்கள் பலவும் நோரில் எனும் ரெசினில் வார்க்கப்படுவதற்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு: அது பாலிபினைலீன் ஆக்சைடும் பாலிஸ்டைரீன் வகையும் கலந்த கலவை, சறுக்கும் இயல்புள்ள முன்னது, வெடிக்கும் இயல்புள்ள பின்னதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

எபாக்சியில் சிக்குகளுக்குப் பதிலாக நிரந்தரமான குறுக்குப் பிணைப்புகள் உள்ளன. இறுக்கமாகப் பிணைத்த வலையில் சங்கிலிகள் நூலாக நீள முடியாது என்பதால் நுண்வெடிப்பு அங்கே பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. எஞ்சியிருப்பது சறுக்கு நெகிழ்வு மட்டும்தான். அதைக் கண்ணால் காண விரும்பினால், இறுகிய எபாக்சியில் சிறு கனசதுரம் ஒன்றை அறுத்து வைஸில் வைத்து மெதுவாக முடுக்கிப் பார்க்கலாம். இழுத்தால் 3 முதல் 6 விழுக்காடு திரிபிலேயே, அதாவது அவ்வளவு நீண்டதுமே, அறுந்துபோகும் அதே பொருள், அழுத்தும்போது பீப்பாய் போலப் பிதுங்கி, உடையாமல் பல மடங்கு கூடுதலான திரிபைத் தாங்கும். அழுத்தத்தில் கீறல்கள் மூடிக்கொள்கின்றன, ஆகவே பொருளின் உள்ளார்ந்த குழைவு வெளிப்படுகிறது.

விரிசல் நுனியில் நிலைமை நேர்மாறானது. அங்கே பொருள் மூன்று திசைகளிலும் ஒருசேர இழுபடுகிறது. மூன்று பக்கமும் சமமாக இழுத்தால் சறுக்குவதற்குத் திசையே இல்லை. ஆகவே குழையக்கூடிய பொருளும் குழையாமல் பிளக்கிறது. இந்த மும்முனை இழுப்பைத் தளர்த்துவதுதான் ரப்பர் துகள்களின் முதன்மையான வேலை. துகள் உள்ளுக்குள் கிழிந்து ஒரு நுண்குழியாகிறது. குழி உண்டானதும் அதைச் சுற்றிய எபாக்சிக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. துகளுக்குத் துகள் சறுக்குப் பட்டைகள் ஓடுகின்றன, குழிகளும் விரிகின்றன. வளைத்த இடம் வெளுப்பது இந்த நுண்குழிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான்.

இறுதியாக ஒரு தடை. குறுக்குப் பிணைப்பு மிக நெருக்கமானால் சறுக்கலும் அடங்கிவிடும். 1980களில் ஆய்வாளர்கள் பியர்சனும் யீயும் இதைத் தெளிவாகக் காட்டினார்கள்: ஒரே வகை எபாக்சியைப் பிணைப்புகளின் அடர்த்தியை மட்டும் மாற்றி மாற்றித் தயாரித்து, அவற்றில் ரப்பரைச் சேர்த்தபோது, தளர்வான வலையில் தாங்குதிறன் பெரிதும் கூடியது, நெருக்கமான வலையில் சிறிதளவே கூடியது. ஆனால் வெப்பத்தைத் தாங்குவது நெருக்கமான வலைதான். ஆகவே எந்தப் பதப்படுத்தியை வாங்குவது என்பதற்கு முன், இந்த ரெசின் எந்த வெப்பநிலை வரை விறைப்பாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த விறைப்பு தளரும் இடத்தை நூல்கள் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்கின்றன. இங்கே சுருக்கமாக இளகுநிலை என்கிறேன்.

தெரிவுகள்

வழக்கமான பாலியெஸ்டரில் அடுக்கு கூட்டுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது சுமார் 2 விழுக்காடு திரிபில் அறுந்துவிடும் ரெசின். தடிமன் கூடினால் விறைப்பு கூடும், எடை கூடும், ரெசின் அறுந்துபோகும் திரிபு மட்டும் கூடாது. ஏராவுக்கு உரசித் தேயும் பொருள் கூடுதலாகக் கிடைக்கிறது என்பது மட்டுமே அதன் நன்மை.

வினைல் எஸ்டரைப் பட்டறைக்காரர்கள் விலை உயர்ந்த பாலியெஸ்டர் என்றே நினைக்கிறார்கள். கையாளும் முறை ஒன்றே என்பதால் அப்படித் தோன்றுகிறது. அதே கேட்டலிஸ்ட், அதே ஆக்சிலரேட்டர், அதே ஸ்டைரீன் நெடி. ஆனால் அதன் முதுகெலும்பு எபாக்சியினுடையது. பாலியெஸ்டரில் குறுக்குப் பிணைப்புக்கான இடங்கள் சங்கிலி நெடுகிலும் உண்டு. வினைல் எஸ்டரில் அவை இரு முனைகளில் மட்டுமே. இடைப்பட்ட நீளம் அசையக்கூடியது, ஆகவே 5 முதல் 6 விழுக்காடு வரை நீள்கிறது. நீரால் சிதையும் எஸ்டர் பிணைப்புகளும் குறைவு. எந்நேரமும் ஈரத்தில் கிடக்கும் அடிப்பகுதிக்கு இதுவே பெரிய நன்மை. ஒன்றையும் சேர்க்காமல், வலையைத் தளர்த்தியே தாங்குதிறன் பெறும் வழி இது.

எபாக்சியில் இதே பலனை நெகிழ்வூட்டி சேர்த்துப் பெறலாம் என்பது அடுத்த தெரிவு. நீண்ட சங்கிலியுள்ள ஹார்டனர் (எபாக்சியோடு கலந்து அதை இறுகச் செய்வது), பாலிசல்ஃபைடு போன்றவை வலையின் கண்களைப் பெரிதாக்குகின்றன. மலிவானது, கலக்க எளிது, வளைத்துக் காட்டினால் வாங்குபவர் மயங்கிவிடுவார். நானும் ஒருமுறை மயங்கினேன். அமரத்துப் பலகையை நெகிழ்வூட்டிய எபாக்சியால் ஒட்டலாம் என்று ஒரு பட்டறைக்கு நானே ஆலோசனை சொன்னேன். மார்கழியில் ஒட்டியது நன்றாகவே இருந்தது. சித்திரையில் இயந்திரத்தின் போல்ட்டுகள் வாரந்தோறும் தளர்ந்தன. முடுக்க முடுக்க வாஷர் பலகையின் எபாக்சிப் பூச்சுக்குள் அமிழ்ந்துகொண்டே போனது. விரலால் தடவினால் வாஷரைச் சுற்றி உதடு போல ஒரு பிதுக்கம் தட்டுப்பட்டது. ரெசினில் விரிசல் விழவில்லை, அது உடையவுமில்லை. நிலையான சுமையில், வெயில் சூட்டில், மெல்ல மெல்ல ஊர்ந்துவிட்டது. நெகிழ்வும் தாங்குதிறனும் ஒன்றல்ல என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த வாஷர்தான். நெகிழ்வூட்டி பொருள் முழுவதையும் மென்மையாக்குகிறது. நமக்கோ விரிசல் நுனியில் மட்டும் குழைவு வேண்டும், மற்ற இடமெல்லாம் விறைப்பாக இருக்க வேண்டும்.

அதைத்தான் தனித் துகளாகப் பிரியும் ரப்பர் செய்கிறது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மெக்கேரியும் உடன் பணிபுரிந்தவர்களும் திரவ ரப்பரை எபாக்சியில் கலந்து காட்டிய வழி இது. இரு முனைகளிலும் கார்பாக்சில் தொகுதி உள்ள பியூட்டாடையீன்-அக்ரிலோநைட்ரைல் ரப்பர், சுருக்கமாக சிடிபிஎன், தொடக்கத்தில் எபாக்சியில் கரைந்திருக்கும். ரெசின் இறுக இறுகக் கரைதிறன் குறைந்து, பாலில் திரிதிரியாக வருவது போல, ஒரு மைக்ரோமீட்டர் அளவிலான உருண்டைகளாகப் பிரியும். நூறு பங்கு ரெசினுக்கு 5 முதல் 15 பங்கு ரப்பர் போதும். தளர்வான வலையில் விரிசல் ஆற்றல் பத்து மடங்கு அளவுக்குக் கூடும். விறைப்பும் இளகுநிலையும் ஓரளவு குறையும்; முழுவதும் பிரியாமல் கரைந்தே தங்கிவிடும் ரப்பர் அங்கே நெகிழ்வூட்டியாக வேலைசெய்வதே அதற்கு முக்கியக் காரணம்.

நம் பட்டறைக்கு இதில்தான் சிக்கல். ரப்பர் எவ்வளவு பிரியும், உருண்டை எந்த அளவில் அமையும் என்பதை, ரெசின் இறுகும் வேகமும் வெப்பநிலையும் ரப்பரில் உள்ள அக்ரிலோநைட்ரைல் அளவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அந்த அளவு 18 விழுக்காடு உள்ள வகை எளிதில் பிரியும், 26 விழுக்காடு உள்ள வகை கூடுதலாகக் கரையும். ஆலையில் ஒரே சூட்டில் அடுப்பில் வைத்து இறுக்குபவருக்கு இது கட்டுக்குள் அடங்கும். கரையில், காலையில் கலந்த வாளிக்கும் உச்சிவெயிலில் கலந்த வாளிக்கும் இறுகும் வேகம் வேறு. ஆகவே ஒரே டப்பாவிலிருந்து எடுத்த ரெசின் இரண்டு விதமான பொருளாக இறுகலாம். குளிர் நாடுகளில் இந்த ரப்பர் எந்தக் குளிரில் கண்ணாடியாகிவிடும் என்று கவலைப்படுவார்கள். 18 விழுக்காட்டு வகை சுழியத்துக்குக் கீழே 52 பாகை செல்சியசில்தான் அப்படி ஆகும் என்பதால் காவிரிக் கரையில் அந்தக் கவலை வேண்டியதில்லை. ஆனால் பியூட்டாடையீனில் உள்ள இரட்டைப் பிணைப்புகள் வெயிலிலும் காற்றிலும் ஆக்சிஜனேற்றம் அடையும். பெயின்ட் பூசாமல் விடக் கூடாது.

உட்கரு-ஓட்டுத் துகள்கள் இந்தச் சிக்கலைத் தீர்க்கின்றன. ரப்பர் உட்கருவும் அதன்மேல் எபாக்சியோடு ஒத்துப்போகும் மெல்லிய அக்ரிலிக் ஓடும் கொண்ட, 100 முதல் 300 நானோமீட்டர் அளவுள்ள துகள்களை ஆலையிலேயே செய்து, எபாக்சியில் பரப்பிச் செறிவான கலவையாக விற்கிறார்கள். துகளின் அளவு நாம் கலக்கும் முன்பே தீர்மானமாகிவிட்டது. காலை, உச்சி, சாயங்காலம் என்ற வேறுபாடு அதைத் தொடாது. ரப்பர் ரெசினில் கரைவதில்லை என்பதால் இளகுநிலை ஏறத்தாழ அப்படியே இருக்கும். விலை மட்டும் கூடுதல். கணக்கும் சற்றுக் கவனமாகப் போட வேண்டும். மொத்தக் கலவை 1 கிலோவில் 5 விழுக்காடு துகள் வேண்டுமென்றால், 25 விழுக்காடு செறிவுள்ள கலவை 200 கிராம் தேவை. அதில் 50 கிராம்தான் துகள், மிச்சம் 150 கிராம் எபாக்சி. ஹார்டனரை அளக்கும்போது அந்த 150 கிராமைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், 50 கிராமைச் சேர்க்கக் கூடாது. இதை மறந்தால் விகிதம் பிசகி, பதப்படுத்தியதால் கிடைத்த நன்மையெல்லாம் அரைகுறையாக இறுகிய ரெசினில் போய்விடும்.

பாலிஈதர்சல்போன், பாலிஈதரிமைடு போன்ற உயர்வெப்ப தெர்மோபிளாஸ்டிக்குகளை, அதாவது குறுக்குப் பிணைப்பு இல்லாமல் சூட்டில் இளகும் பிளாஸ்டிக்குகளை, கரைத்துச் சேர்ப்பது வேறு உலகத்து வழி. இவற்றின் இளகுநிலையே 215 பாகைக்கு மேல் என்பதால், சேர்த்தாலும் ரெசினின் வெப்பத்தாங்கு குறையாது. ரப்பரை ஏற்றுக்கொள்ளாத நெருக்கமான வலைக்கு இவையே கைகொடுக்கும். தெர்மோபிளாஸ்டிக்கும் எபாக்சியும் ஒன்றுக்குள் ஒன்று தொடர்ச்சியாகப் பின்னிக்கொள்ளும் அளவுக்கு, அதாவது எடையில் 15 விழுக்காட்டை ஒட்டிச் சேர்த்தால்தான் பலன் தெளிவாகத் தெரியும். அவ்வளவு சேர்த்த ரெசின் வெல்லப்பாகைவிடக் கெட்டியாகிவிடும். கையால் பிரஷ் போட்டுக் கண்ணாடி இழை விரிப்பை (மேட்) நனைக்கவே முடியாது. விமானப் பாகங்களுக்கோ, சூடான எரிவாயுக் குழாய்களின்மேல் சுற்றும் கட்டுகளுக்கோ இதைப் பற்றிப் பேசலாம். படகுப் பட்டறை இதைத் தாண்டிப் போய்விடலாம்.

நானோ சிலிக்கா பற்றியும் சுருக்கமாகவே சொல்கிறேன். சுமார் 20 நானோமீட்டர் அளவுள்ள இந்தத் துகள்கள் விறைப்பைக் குறைக்காமல், சற்றுக் கூட்டியே, தாங்குதிறனைத் தருகின்றன. ஆனால் தனியாகச் சேர்த்தால் ரப்பர் தரும் அளவுக்குப் பலன் இல்லை. ரப்பரோடு சேர்த்து, ரப்பர் குறைத்த விறைப்பை ஈடுசெய்யப் பயன்படுத்துவது நல்ல வழி.

ரெசின் கட்டியிலிருந்து படகுக்கு

இதுவரை சொன்ன எண்கள் எல்லாம் வெறும் ரெசின் கட்டியில் அளந்தவை. இழையோடு சேரும்போது கதை மாறும். விற்பனைத்தாள்கள் அதிகம் சொல்லாத பகுதியும் இதுவே. விரிசல் நுனியில் குழையும் பகுதியின் அளவை எளிய கணக்கில் பெறலாம். பதப்படுத்தாத எபாக்சிக்கு அது சுமார் 3 மைக்ரோமீட்டர். நன்றாக ரப்பர் சேர்த்ததற்குச் சுமார் 50 மைக்ரோமீட்டர். கண்ணாடி இழையின் விட்டம் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்; இழைகளைக் கற்றையாகத் திரட்டிய ரோவிங்கில் இரண்டு இழைகளுக்கு இடைப்பட்ட சந்து சில மைக்ரோமீட்டர்தான். 3 மைக்ரோமீட்டர் குழைவு அந்தச் சந்தில் அடங்கும். 50 மைக்ரோமீட்டர் குழைவுக்கு அங்கே இடமேது? இழைகள் அதை நெரித்துவிடுகின்றன. அதனால்தான், தாங்குதிறன் மிக்க ரெசின்களில் கூடும் ஒவ்வொரு 3 ஜூலுக்கும் அடுக்குப் பிரிவைத் தடுக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 1 ஜூல்தான் கூடுகிறது என்று 1980களிலேயே கண்டார்கள். விமானத் துறையில் இதற்கு ஒரு மாற்று கண்டனர்: ரெசின் முழுவதையும் பதப்படுத்தாமல், அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் மட்டும் தெர்மோபிளாஸ்டிக் துகள் நிறைந்த மெல்லிய ரெசின் படலத்தை விட்டு, குழைவுக்கு அங்கே இடம் ஒதுக்கினர். போயிங் 777 விமானத்தின் வால் பகுதி இத்தகைய பொருளால் ஆனது.

ஆகவே இழைகள் நெருங்கிய அடுக்குகளில் விலையுயர்ந்த பதப்படுத்திய எபாக்சியைப் போடுவது பெரும்பகுதி வீண். ஆனால் ஒட்டு மூட்டு அப்படியன்று. அங்கே ரெசின் தனியாக, கணிசமான தடிமனில் இருக்கிறது. பதப்படுத்திய எபாக்சி ஒட்டுகளில், ஒட்டின் தடிமன் குழைவுப் பகுதியின் அளவோடு ஒத்திருக்கும்போது தாங்குதிறன் உச்சம் அடைகிறது என்று ஆய்வாளர்கள் பாஸ்கமும் பின்னர் கின்லாக்கும் ஷாவும் காட்டினார்கள். அதற்கும் மெல்லியதாக்கினால் குறைகிறது. நம் பட்டறைகளிலோ மூட்டைப் போட்டுக் கிளாம்பால் இறுக்கி, ரெசின் முழுவதும் பிதுங்கி வழிந்தால்தான் நல்ல ஒட்டு என்பது வழக்கம். பதப்படுத்திய எபாக்சிக்கு அது தீங்கு. பலகைக்கும் சுவருக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள மீன்பிடி நரம்புத் துண்டுகளை அங்கங்கே வைத்துவிட்டு மிதமாக இறுக்கினால் போதும்; கரையில் நரம்புக்குப் பஞ்சமில்லை.

மேற்சொன்னவற்றைக் கொண்டு நான் எடுத்த முடிவு இது. அமரத்து மூலைக்கு உட்கரு-ஓட்டுத் துகள் 5 விழுக்காடு சேர்த்த எபாக்சி. தேவைப்படும் அளவு மிகக் குறைவு என்பதால் விலை உறுத்தாது. ஏராவுக்கு வினைல் எஸ்டரில் அடுக்குகள். அதன் வெளிப்புறத்தில் தேய்மானத்துக்கென்று தனியே ஒரு பட்டை, தேய்ந்தபின் உரித்து மாற்றும்படி. சிடிபிஎன் மட்டும்தான் கிடைக்கிறதென்றால், திரவ ரப்பரை வாங்கி நாமே கலக்காமல், எபாக்சியோடு முன்பே வினைபுரியச் செய்து விற்கும் வகையை வாங்க வேண்டும்.

எபாக்சி போடும் இடத்தில் சில எச்சரிக்கைகள். நறுக்கிய இழைகளாலான சாப்டு ஸ்ட்ராண்ட் மேட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை பெரும்பாலும் ஸ்டைரீனில் கரையும்படி செய்யப்பட்டது. எபாக்சியில் ஸ்டைரீன் இல்லை, ஆகவே மேட் சரியாக நனையாது. அங்கே வோவன் ரோவிங்கோ தைத்த துணியோதான் வேண்டும். பழைய பாலியெஸ்டர்மீது எபாக்சி நன்றாக ஒட்டும். எபாக்சிமீது படகின் வெளிப்பூச்சான பாலியெஸ்டர் ஜெல்கோட் சரியாக இறுகாது, ஆகவே வரிசை மாறக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் ஹார்டனரோடு சேர்ந்து மேற்பரப்பில் மெழுகு போன்ற படலம் படியும். அடுத்த அடுக்குக்கு முன் வெந்நீரும் துணியும் கொண்டு அதைத் துடைத்தாக வேண்டும். அறை வெப்பத்தில் இறுகும் எபாக்சியின் இளகுநிலை, இறுகிய வெப்பநிலைக்குப் பத்துப் பதினைந்து பாகை மேலேயே நின்றுவிடும். கருநிறம் பூசிக் கவிழ்த்து வைத்த படகு கத்தரி வெயிலில் அந்த அளவைத் தொட்டுவிடலாம். அமரத்துக்கு வெள்ளை பூசுவது அழகுக்காக மட்டும் அன்று. ஆனால் அதே வெயிலை நமக்குச் சாதகமாக்கவும் முடியும். விசைப்படகுகளின் 61 நாள் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. அந்த நாட்களில் ஒட்டிய மூட்டை, பெயின்ட் பூசும் முன், கறுப்புத் தார்ப்பாயால் மூடி இரண்டு மூன்று நாள் வெயிலில் விட்டால், அடுப்பில்லாமலேயே இறுகல் தொடர்ந்து இளகுநிலை உயரும். இயந்திரத்தை அதன் பிறகே பூட்ட வேண்டும்.

வாங்கும் ஒவ்வொரு டப்பாவையும் பட்டறையிலேயே சோதிக்கலாம். மெழுகு தடவிய அலுமினியச் சட்டத்தில் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள பட்டை ஒன்றை வார்த்து, இறுகிய பின் ஹாக்சா பிளேடால் பாதி ஆழம் அறுத்து, அறுப்பின் அடியில் புது சவர பிளேடை வைத்து மெல்ல ஒரு தட்டுத் தட்ட வேண்டும். இந்தத் தட்டலைத் தவிர்க்கக் கூடாது: ஹாக்சா விட்டுச்செல்லும் நுனி மொண்ணையானது, மொண்ணை நுனியில் எந்த ரெசினும் நல்ல ரெசின் போலத் தோன்றும். பிறகு வைஸில் மாட்டி மெதுவாக வளைத்து உடைத்து, உடைந்த முகத்தைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். பதப்படுத்தாத ரெசினின் முகம் கண்ணாடி போல வழவழப்பாகப் பளபளக்கும். பதப்படுத்தியதில், பிளேடு தட்டிய கோட்டை ஒட்டி, நகக்கண் வெண்மை போல ஒரு மங்கலான பட்டை தெரியும். தடவினால் சொரசொரப்பாக இருக்கும். அந்தப் பட்டை இல்லையென்றால் டப்பாவின்மேல் என்ன எழுதியிருந்தாலும் அதை அமரத்து மூலைக்குப் பயன்படுத்துவதில்லை என்று பட்டறையில் பேசி வைத்திருக்கிறோம்.

அணியத்தைப் பற்றிச் சொல்லவில்லையே என்று கேட்கலாம். அங்கே விழும் விரிசல்களை அறுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை ஜெல்கோட்டோடு நின்றிருந்தன. ஜெல்கோட்டை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக அப்பியிருந்தார்கள். அரை மில்லிமீட்டர் அளவில் சீராகப் பூசினால் அங்கே ரெசினை மாற்ற வேண்டிய தேவையே இல்லை.